இலங்கை மலைநாட்டின் ஹோர்ட்டன் சமவெளிப் பூங்காவில் நடந்த பாதையைப் போனில் பதிந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். அது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடம். ஆனால் ஒரே தடவை நடந்துவிட்டு அன்று இரவே சேர்க்காதீர்கள். நீங்களும் என்னைப் போல லீவு நாளில் போய்வருகிறவர் என்று நினைத்துச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் பட்டிப்பொல வாசலில் காலை 6 மணிக்கு நுழைந்து, சின்ன உலக முடிவு, உலக முடிவு என்ற இரண்டு செங்குத்துப் பள்ள விளிம்புகள், பேக்கர் நீர்வீழ்ச்சி என்று அந்த 9 கிலோமீட்டர் சுற்றையும் நடந்தேன். குளிரில் சார்ஜ் இறங்குகிறதே என்று போனில் பேட்டரி சேமிப்பைப் போட்டிருந்தேன், அதுதான் வினை. திரை அணைந்ததும் நான் இருக்கும் இடம் எப்போதாவது ஒரு புள்ளியாகத்தான் பதிவானது. உலக முடிவிலிருந்து அருவிக்கு வரும் பாதை வளைந்து வளைந்து வரும், என் தடமோ புல்வெளியைக் குறுக்கே வெட்டிய நேர்கோடு. வரைபடத்தில் யாரோ முன்பே போட்டிருந்த வளைவுகள்தான் பிழை என்று நினைத்து, அவற்றை அழித்து என் கோட்டைப் போட்டேன்.

அடுத்த வருஷம் மாமா பிள்ளைகளோடு போனபோது அதே இடத்தில் நாலு பேர் போனைப் பார்த்தபடி பாதையை விட்டு இறங்கினார்கள். கூப்பிட்டேன். "மேப்பில் இப்படித்தானே காட்டுது" என்று போனைத் திருப்பிக் காட்டினார்கள். என் கோடு. அவர்கள் மிதித்த இடத்தில் புல் சாய்ந்து, கறுப்புச் சேற்றில் சப்பாத்து அச்சுக்குள் தண்ணீர் ஊறி நின்றது. பக்கத்தில் பழைய அச்சுகளும் இருந்தன. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அந்தப் பூங்காவில் பாதையை விட்டு இறங்கவே கூடாது.

அன்று பேட்டரி சேமிப்பை நிறுத்தி, போனைப் பையின் தோள்பட்டியில் கட்டி, ஒரு விநாடிக்கு ஒரு புள்ளி என்று பதிந்தேன். இன்னொரு நாள் எதிர்த்திசையில் நடந்து அதையும் எடுத்தேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத்தான் திருத்தினேன். மரங்களுக்குள் கோடுகள் விலகும், நடுவில் எடுங்கள். புல்லில் மரை மான் நடந்த தடம் மனிதர் நடந்த பாதை மாதிரியே இருக்கும், அதைப் போட்டுவிடாதீர்கள்.

செட்டலைட் படம் போதாதா என்று யாராவது கேட்பார்கள். புல்வெளிக்குச் சரி, மரத்தடியில் போகும் பாதை மேலேயிருந்து தெரியாது. விலையான ஜிபிஎஸ் கருவியும் தேவையில்லை, என்னுடையது சாதாரண போன்தான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. அக்கரப்பத்தனைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களுக்கு எங்கள் சனம் சொல்லும் தமிழ்ப் பெயர்களையும் சேர்த்திருந்தேன். ஊர்ப் பெயர்ப் பட்டியலில் இல்லாத பெயர் என்று வரைபடத்தைத் திருத்தும் ஒருவர் எடுத்துவிட்டார். எங்கள் அப்பாயி அந்தப் பெயரைச் சொல்லித்தான் கடைசி வரைக்கும் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தது. திரும்பப் போட்டேன், மறுபடி எடுத்தார்கள். நீங்கள் அந்தப் பக்கத்து டயகம வழியாக வந்தால், பஸ் நிற்கும் இடங்களில் ஆட்களிடம் கேட்டு அவர்கள் சொல்லும் பெயரையும் பதியுங்கள். இரண்டு பேர் போட்டால் எடுக்க யோசிப்பார்கள்.