வயரிங் வேலையை விட்டு மேடை ஒளியமைப்புக்குப் போகலாமா?

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் 11 ஆண்டுகளாக வயரிங் வேலை செய்கிறேன். வயது 34, மனைவி, இரண்டு பிள்ளைகள். மேலதிக நேரத்துடன் மாதம் 85,000 ரூபா கிடைக்கிறது. அடிப்படைச் சம்பளம் 60,000. பாடசாலை நாடகங்களுக்கும் கோயில் மேடைகளுக்கும் நண்பர்களுடன் ஒளியமைக்கப் போய்ப் பழகியதில், அதையே முழுநேரத் தொழிலாக்க விரும்புகிறேன். 18 இலட்சம் ரூபாவுக்கு ஒரு தொகுதி விளக்குகளைப் பேசி வைத்திருக்கிறேன். சேமிப்பு 6 இலட்சம். மிகுதி 12 இலட்சத்தை ஒரு நிதி நிறுவனம் 13 வீத வட்டிக்கு, நான்கு ஆண்டுத் தவணையில் தர முன்வந்துள்ளது. முதல் சில மாதங்களைச் சமாளிக்க மனைவியின் நகைகளை அடைவு வைக்கலாம். வேலையை விடலாமா?

பதில்: இப்போது வேலையை விட வேண்டாம், விளக்குகளையும் வாங்க வேண்டாம். ஆனால் ஒளியமைப்பைக் கைவிடும்படி நான் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் இரண்டு தொழில்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. விளக்குகளை வாங்கி இரவுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுவது ஒன்று. எந்த விளக்கை எங்கே கட்டுவது, எந்தக் காட்சியில் எவ்வளவு ஒளிரவிடுவது என்று தீர்மானித்து இயக்கும் ஒளி விதானிப்பு மற்றொன்று. முன்னதற்குப் பெருந்தொகைப் பணம் வேண்டும், பின்னதற்குக் கைத்திறன் வேண்டும். உங்களிடம் இருப்பது திறன். நீங்கள் கடன்படப் போவதோ வாடகைத் தொழிலுக்காக.

முதலில் அந்த 13 வீதத்தைப் பார்ப்போம். 12 இலட்சத்துக்கு ஆண்டுக்கு 13 வீதம் என்று நான்கு ஆண்டுகளுக்கும் முழுத்தொகைக்கே வட்டி போட்டால், வட்டி 6,24,000 ரூபா. மாதத் தவணை 38,000 ரூபா. நீங்கள் மாதாமாதம் முதலைக் கட்டிக் குறைத்து வந்தாலும், கட்டி முடித்த பணத்துக்கும் சேர்த்தே வட்டி அறவிடப்படுகிறது. குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி என்ற முறையில் கணக்கிட்டால் இந்தக் கடனின் உண்மையான வட்டி ஆண்டுக்கு 22 வீதத்துக்குச் சற்று மேல். உங்களுக்குச் சொல்லப்பட்ட தவணையும் 38,000 ரூபாவை ஒட்டியே இருந்தால் நடப்பது இதுதான் என்று அறிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது வருமானம். ஓர் இரவுக்கு 40,000 ரூபா வாடகை பேசினால், லொறி, இரண்டு உதவியாளர்கள், மின்பிறப்பாக்கிக்கான டீசல் போக 22,000 ரூபா மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுத் தவணை 4,56,000. நீங்கள் இழக்கும் சம்பளம் 10,20,000. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்தும் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்குச் செலுத்தும் 3 வீதமும் நின்றுபோவதால், 60,000 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் ஆண்டுக்கு மேலும் 1,08,000 இழப்பு. இது கைக்கு வராத பணம் என்பதால் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. விளக்குகள் ஆறு ஆண்டுகள் உழைக்கும் என்று கொண்டால் புதியன வாங்க ஆண்டுக்கு 3,00,000 ஒதுக்க வேண்டும். மொத்தம் 18,84,000. அதாவது, இன்றைய நிலையில் நீங்கள் நிற்பதற்கே ஆண்டுக்கு 86 இரவுகள் வேண்டும்.

வன்னியில் அந்த 86 இரவுகள் ஆண்டு முழுவதும் பரவிக் கிடப்பதில்லை. பெரும்போக அறுவடை முடிந்து கையில் பணம் புழங்கும் பங்குனியில் தொடங்கி, வைகாசி விசாகத்தையொட்டி வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல், பின்னர் ஊர்க் கோயில்களின் திருவிழாக்கள் என்று ஆவணி வரை ஓடும் வேலை, ஐப்பசி மழையோடு திறந்தவெளி மேடைகளில் ஏறக்குறைய நின்றுவிடும். வாணி விழாவும் நத்தாரையொட்டிய ஒளி விழாவும் மண்டபத்துக்குள் நடந்தாலும் பாடசாலைகளிடம் பெரிய தொகை எதிர்பார்க்க முடியாது. 38,000 ரூபாத் தவணையோ கார்த்திகையிலும் மார்கழியிலும் தவறாமல் வரும். அதற்கு மேல், கூட்டம் கூடுவதை நம்பிய தொழில் இது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகள், 2020 மார்ச்சில் தொடங்கிய ஊரடங்கு, 2022 இன் எரிபொருள் தட்டுப்பாடும் மின்வெட்டும் என, நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று முறை மேடைகள் இருண்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் கடனின் காலமும் நான்கு ஆண்டுகள்தான்.

இனி, உங்களிடம் உண்மையில் என்ன இருக்கிறது என்பதற்கு வருகிறேன். பார் (PAR) எனப்படும் பழைய 1,000 வாற்று மேடை விளக்குகள் பன்னிரண்டை ஒன்றாக எரித்தால் 230 வோல்ற்றில் 52 அம்பியர் இழுக்கும். ஊர்க் கோயிலின் 30 அம்பியர் சிங்கிள் பேஸ் இணைப்பு அதைத் தாங்காது. எல்ஈடி விளக்குகள் வந்தபின் சுமை பல மடங்கு குறைந்துவிட்டது, ஆனால் ஈர மண்ணில் வயரை இழுத்து, புவித்தொடுப்பே இல்லாத மின்பிறப்பாக்கியிலிருந்து மேடைக்கு மின்சாரம் கொடுக்கும் வழக்கம் குறையவில்லை. (பிள்ளைகள் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மேடைகளில் இதைப் பார்க்கும்போது எனக்குப் பணக்கணக்கு மறந்துவிடும்.) சுமையைக் கணக்கிட்டு, மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் பொருத்திய பகிர்வுப் பெட்டியோடு வந்து, விளக்குகளையும் இயக்கத் தெரிந்த ஒருவருக்கு, ஏற்கெனவே விளக்கு வைத்திருப்பவர்கள் நாட்கூலியை விடக் கூடுதலாகவே தருவார்கள். அப்படிப்பட்ட பெட்டியை உங்கள் கையாலேயே செய்யலாம்.

ஆகவே, சேமிப்பிலிருந்து ஒன்றரை இலட்சம் ரூபாவுக்கு மேற்படாமல் செலவிட்டு, அந்தப் பெட்டி, நல்ல கேபிள்கள், கணினியை விளக்குகளோடு இணைக்கும் டிஎம்எக்ஸ் கருவி ஆகியவற்றை மட்டும் வாங்குங்கள். ஒரு டிஎம்எக்ஸ் இணைப்பில் 512 அலைவரிசைகள், அதாவது விளக்குகளுக்குத் தனித்தனியே கட்டளை போகும் வழிகள், உண்டு. அவற்றை ஆளும் பயிற்சியை, கியூஎல்சி பிளஸ் போன்ற இலவச மென்பொருளில், விளக்கு ஒன்றுமே இல்லாமல் வீட்டிலிருந்து தொடங்கலாம். கூடவே, வேலையில் கற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முன்கற்றல் அங்கீகார முறையில் மின்னியலாளருக்கான தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழைப் பெற்றுவிடுங்கள். 11 ஆண்டு அனுபவம் உள்ள உங்களுக்கு அது கடினமன்று, ஒளியமைப்பு கைகொடுக்காவிட்டாலும் எங்கும் செல்லும்.

நகை அடைவை நான் முற்றாக மறுக்கிறேன். 2009 இல் வீடு வாசல் எல்லாம் போன குடும்பங்கள் பலவற்றைத் தூக்கி நிறுத்தியது கழுத்திலும் காதிலும் மிஞ்சியிருந்த பொன்தான். மாதச் செலவுக்காக அடைவுக்குப் போகும் நகையை மீட்க வேறு வருமானம் வேண்டும், அந்த வருமானத்தைத்தான் நீங்கள் விட நினைக்கிறீர்கள். சேமலாப நிதியையும் நம்ப வேண்டாம், ஆண்களுக்கு அது பொதுவாக 55 வயதில்தான் கிடைக்கும். நம்பிக்கை நிதியை வேலை விலகும்போது ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெறலாம் என்பதால், பின்னொரு நாள் விலகினால் அதைக் கேட்டுப் பெறுங்கள்.

தையிலிருந்து மார்கழி வரை, மழைக்காலத்தையும் சேர்த்து ஒரு முழு ஆண்டுக்கு, ஒவ்வொரு இரவின் வரவு செலவையும் கொப்பியில் எழுதி வாருங்கள். விடுமுறை நாட்களில் மட்டும் செய்த ஒளியமைப்பிலிருந்து சம்பளத்தில் பாதிக்குக் குறையாத தொகை வந்திருந்து, ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் தனியாகக் கிடந்தால், அப்போது விளக்கு வாங்குவதைப் பேசலாம். அதுவும் பாதி விலையைக் கைப்பணமாகக் கொடுக்கக்கூடிய சிறிய தொகுதியாக, குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி கணக்கிடும் வங்கிக் கடனாக இருக்கட்டும். ஆலய பரிபாலன சபையானாலும் உபயகாரரானாலும் பாதிப் பணத்தை முற்பணமாக வாங்கிய பின்னரே லொறியை ஏற்றுங்கள்.