வக்கீலிடம் கேளுங்கள்: சிமென்ட் மூட்டையும் நஷ்டஈடும்

கேள்வி: என் மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். கடையில் வாங்கிய கம்ப்யூட்டருக்கு, உள்ளே இருக்கும் சிப்பைச் செய்த கம்பெனிகள் பேசி வைத்து விலை ஏற்றியதால் நஷ்டஈடு வந்ததாம். அவர்களிடம் இவன் நேராக எதுவும் வாங்கவில்லையே! இங்கே வீடு கட்டுகிறேன். எல்லா பிராண்ட் சிமென்ட்டும் ஒரே வாரத்தில் ஏறுகிறது. நானும் கேட்கலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: மகன் சொல்வது சரிதான் அம்மா. ஆனால் அது மாநிலச் சட்டம் தந்த உரிமை. அமெரிக்க மத்திய சட்டப்படி, நேராக வாங்கியவருக்குத்தான் நஷ்டஈடு. 1977-ல் அங்கே இல்லினாய் மாநில அரசு கான்கிரீட் பிளாக் கம்பெனிகள் மேல் போட்ட வழக்கில் அப்படித்தான் முடிவானது. பிளாக்கை வாங்கியவர் கொத்துவேலை கான்ட்ராக்டர், அவருக்கு மேலே பெரிய கான்ட்ராக்டர், அப்புறம்தான் அரசு. யார் தலையில் எவ்வளவு விழுந்தது என்று கணக்குப் போடுவது சிக்கல் என்றது உச்ச நீதிமன்றம். மறு வருஷமே கலிபோர்னியா தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. மாநிலங்கள் அப்படிச் செய்யலாம் என்று 1989-ல் அதே நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

கம்பெனிகள் இப்படிப் பேசி வைப்பதைத் தடுக்கும் நம் 2002-ஆம் வருஷப் போட்டிச் சட்டத்தில் நேராக வாங்கியவர், சுற்றி வாங்கியவர் என்ற பிரிவே இல்லை. யார் வேண்டுமானாலும் டெல்லியில் உள்ள போட்டி ஆணையத்துக்குத் தகவல் தரலாம். தப்பு நடந்த மூன்று வருஷத்துக்குள் தர வேண்டும். விலை சேர்ந்து ஏறுவது மட்டும் போதாது, பேசி வைத்ததற்குத் தடயம் வேண்டும். ஆணையம் தப்பு என்று சொன்ன பிறகுதான் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்க முடியும். சிமென்ட் கம்பெனிகளுக்கு 2016-ல் 6,000 கோடிக்கு மேல் அபராதம் விதித்தார்களே, அந்தப் புகார் 2010-ல் போனது. அது அந்தக் காலத்து விலையைப் பற்றியது, உங்கள் வீட்டுக்கு உதவாது.

எனக்கு உதவியிருக்கும். 2009 நவம்பர் மழையில் குன்னூரில் என் காம்பவுண்ட் சுவர் சரிந்து, மறு வருஷம் கட்டினேன். அலமாரியில் அந்தத் துண்டுச் சீட்டு இன்னும் இருக்கிறது: 'சிமென்ட் 40, வாடகையோடு' என்று பென்சிலில் எழுதி ஒரே ஒரு தொகை. கடைப் பெயரில்லை, தேதியில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறிய லாரிக்கு எவ்வளவு, மூட்டைக்கு எவ்வளவு என்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை. நீதிபதி என்ன செய்வார்?

மீதி மூட்டைகளுக்காவது ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். சிமென்ட் விலை தனி, லாரி வாடகை தனி என்று பிரித்துப் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.