முழுச் செபமாலை

அன்புள்ள ஐயா,

சென்ற ஆண்டு சென்னையிலிருந்து கொடைக்கானலுக்குக் குடிவந்தோம். ஈஸ்டருக்குப் பிள்ளைகளோடு முட்டைக்குச் சாயம் போட்டேன். ஆன்லைனில் வாங்கிய சாயப்பொடி. நீலம் திட்டுத்திட்டாகத்தான் பிடித்தது. உரித்துப் பார்த்தால் மஞ்சள் கருவும் வேகவில்லை. ‘வெள்ளைக்காரப் பழக்கம் நமக்கெதற்கு’ என்கிறார் மாமியார். பொடி இல்லாமல் நீலம் வர வழி உண்டா?

ரெ., கொடைக்கானல்

அன்புள்ள ரெ.,

மாமியாரை விடுங்கள். கிறிஸ்துமஸ் கேக்கு எந்த ஊர்ப் பழக்கமாம்?

வெங்காயத் தோலைக் குப்பையில் போடாதே என்று நேற்றுத்தான் வீட்டில் சண்டை போட்டேன். இன்று உங்கள் கடிதம். நீங்களோ தோலைக் கொட்டிவிட்டுப் பொடிக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். போகட்டும். அந்த வேகாத கருவைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் குமிழிதான் கூடும், சூடு ஏறாது. சென்னைக் கணக்கில் இறக்கினால் எப்படி வேகும்? குக்கர் இல்லாமல் அங்கே பருப்பே மலராதே, ஒரு வருடமாக என்னதான் சமைத்தீர்கள் அம்மா?

அதே மலையில் எங்கள் பாட்டிக்குச் செபமாலைதான் கடிகாரம். தவக்காலம் முழுக்கச் சேர்த்த வெங்காயத் தோலை, ஈஸ்டருக்கு முந்திய நாளான பெரிய சனியன்று பானையில் கொட்டுவார். ஒரு கரண்டி வினிகர், அவ்வளவுதான்; கூடினால் ஓட்டின் சுண்ணாம்பை அரித்துவிடும். முட்டைமேல் பெரணி இலையை ஒட்டி, பழைய வேட்டிக் கிழிசலால் இறுக்கிக் கட்டிப் போடுவார். அவிழ்த்தால் செம்பழுப்பில் இலை வெள்ளையாக நிற்கும். செபமாலையின் ஐந்து பகுதிகளான ஐந்து தேவ ரகசியமும் சொல்லி முடியாமல் பானை இறங்காது.

திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்ட சித்தி ஒரு வருடம் மூன்றாவதிலேயே இறக்கிவிட்டாள். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்த மாமா, வழக்கம்போல் முட்டையைத் தன் நெற்றியில் தட்டினார். மஞ்சள் கரு புருவம் வழியாக மீசைக்கு இறங்கியது. “மலைத் தண்ணிக்கு முழுச் செபமாலை வேணும்டி, கீழூர்க்காரி!” என்றார் பாட்டி. சித்தி அழுதாள். மாமா மீசையை நக்கிப் பார்த்துவிட்டு, உப்பு போதவில்லை என்றார்.

நீலம் கேட்டீர்கள், இல்லையா? ஊதா முட்டைக்கோஸை நறுக்கி வேகவைத்து வடிகட்டுங்கள். ஆறியதும் கொஞ்சம் வினிகர். வெந்த வெள்ளை முட்டையை அதில் போட்டு ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். முட்டை வேகும்போது மாமியாரை அடுப்படியில் உட்காரவைத்துச் செபமாலை சொல்லச் சொல்லுங்கள். மூன்றோடு நிறுத்த விடாதீர்கள்.