கூன் விழுந்த கத்தி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மடக்குக் கத்திகள் சேகரிக்கிறேன். ஆரம்பத்தில் கருப்புப் பூச்சு, உளி மாதிரி வெட்டிய முனை, கைப்பிடியில் மண்டையோடு என்று தேடித்தேடி வாங்கினேன். ஸ்பைடர்கோ நிறுவனத்தின் கத்திகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். முதுகில் கூன், அதில் ஓர் ஓட்டை. இப்போது அந்தக் கூன்தான் அழகாகத் தெரிகிறது. பழையவற்றை வெளியே காட்டக் கூச்சமாக இருக்கிறது. என் ரசனை வளர்ந்திருக்கிறதா, இல்லை மற்ற சேகரிப்பாளர்கள் சொல்லிச்சொல்லி மாறிவிட்டேனா? பழையவற்றை விற்றுவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மற்றவர்கள் சொன்னதும் கொஞ்சம் வேலை செய்திருக்கும். நிறையப் பணம் கொடுத்து வாங்கிய பொருளில் கண்ணும் தானாக அழகைக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் உங்கள் விஷயத்தில் பெரிய பங்கு கட்டைவிரலுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஸ்பைடர்கோ 1981இல் வொர்க்கர் என்ற கத்தியை அந்த வட்ட ஓட்டையோடு கொண்டுவந்தது. இடக்கையோ வலக்கையோ, கட்டைவிரலை அதில் வைத்துத் தள்ளினால் திறந்துவிடும். கையுறை போட்டிருந்தாலும் பிடி கிடைக்கும். மடக்கியிருக்கும்போது விரலுக்கு எட்ட வேண்டுமென்றால் ஓட்டை கைப்பிடிக்கு வெளியே தெரிய வேண்டும். அதற்கு பிளேடு அந்த இடத்தில் அகலமாக இருந்தே ஆக வேண்டும். கூன் வந்தது இப்படித்தான். படத்தில் மட்டும் பார்ப்பவருக்கு இது பிடிபடாது. தினமும் திறந்து மூடுகிறவருக்கோ, கூனில்லாத பிளேடுதான் எதையோ இழந்ததுபோல் இருக்கும்.

விற்பனைப் படங்களில் கத்தி எப்போதும் முழுக்க விரிந்து பக்கவாட்டில் படுத்திருக்கும். நம் பையில் அது பெரும்பாலும் மடங்கியே கிடக்கிறது. பிளிப்பர் வகையில், மடக்கிய கத்தியின் முதுகில் மீன் துடுப்பு மாதிரி ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். அதை விரலால் அழுத்தினால் பிளேடு சட்டென்று வெளியே வரும். வந்தபின் அதே துருத்தல், விரல் கூர்ப்பக்கம் நழுவாமல் தடுக்கும். அசிங்கம் என்று ஒதுக்கிய பலர் பிறகு அதை மன்னித்தது இதனால்தான். நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. பைக்குள் கைவிட்டால் விரலைச் சுரண்டுகிறது.

தேய்மானமும் கண்ணை மாற்றும். கத்தி வடிவமைப்பாளர் கிறிஸ் ரீவின் செபென்ஸா என்ற மடக்குக் கத்தியில் அலங்காரம் என்று பெரிதாக எதுவுமில்லை. கைப்பிடியாகச் சாம்பல் நிற டைட்டானியத் தகடுகள் இரண்டு. பிளேடைப் பூட்டும் லாக்கும் அதில் ஒரு தகட்டிலேயே வெட்டியதுதான். புதிதில் அந்த மங்கல் பரப்பில் பளபளவென்று ஒரு கோடு விழுந்தால் மனசு பதறும். சேகரிப்பாளர்கள் அதை நத்தைத் தடம் என்பார்கள். கோடுகள் நிறைந்ததும் பதற்றம் போய்விடும். சிலருக்கு அப்புறம் புதுக் கத்தியே மொட்டையாகத் தெரியும். 1960களிலிருந்து வரும் பக் 110 என்ற மடக்குக் கத்தியின் கைப்பிடிப் பித்தளையும் அப்படித்தான். தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர்களும் கறுக்க விடுகிறவர்களும் என்றைக்கும் ஒத்துப்போவதில்லை. கருப்புப் பூச்சுக்கு, என் கண்ணுக்கு, இந்த அதிர்ஷ்டம் இல்லை. கீறினால் அடியிலுள்ள எஃகு பல்லிளிக்கிறது.

மண்டையோட்டுக்கு எந்த வேலையும் இல்லை. சொல்ல வேண்டியதை முதல் நாளே சொல்லி முடித்துவிட்டது. அதனால்தான் உங்களுக்குச் சலித்திருக்கிறது, இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உளி முனையை மட்டும் அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள். நுனி வரை உலோகம் தடிமனாக இருப்பதால் குத்தும் வேலையில் சுலபமாக உடையாது. தீட்டுவதுதான் தொல்லை, நீள விளிம்பையும் முனை விளிம்பையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

சரி, விற்பதென்றால் மண்டையோட்டை விற்றுவிடுங்கள். உளி முனை ஒன்று இருக்கட்டும், அடுத்த கத்தி வரும் பார்சலைப் பிரிக்க.