வங்கிகளின் சி.எஸ்.ஆர். நிதி: வாசகர் கேள்விகள்

மேலூர் பக்கம் எங்கள் ஊரில் அரசு வங்கிக் கிளை இருக்கிறது. லாபத்தில் 2 சதவீதத்தை ஊருக்குச் செலவழிக்கச் சட்டம் இருக்கிறதாமே? கேட்டால் மேனேஜர் கையை விரிக்கிறார்.

அவர் மேல் தப்பில்லை. அந்த 2 சதவீதம், அதாவது சி.எஸ்.ஆர். எனும் நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி, 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் 135-ஆம் பிரிவில் வருகிறது. ஸ்டேட் வங்கி 1955-ஆம் ஆண்டுத் தனிச் சட்டத்தாலும், கனரா, இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி. ஆகியவை 1970-ஆம் ஆண்டு தேசியமயச் சட்டத்தாலும் அமைந்தவை. அந்தப் பிரிவு அவற்றைக் கட்டுப்படுத்தாது. வங்கிகளின் நன்கொடைக்கு, முந்தைய ஆண்டு லாபத்தில் 1 சதவீதம் வரை என்று 2005-இல் ரிசர்வ் வங்கி மேல்வரம்பு வைத்தது. கொடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை.

கரூர் வைசியா, தமிழ்நாடு மெர்க்கன்டைல் போன்ற தனியார் வங்கிகள் கம்பெனிகள். அவற்றுக்குக் கட்டாயம் உண்டு. அங்கும் தீர்மானிப்பது தலைமையகத்தின் இயக்குநர் குழுதான். உள்ளூருக்கு முன்னுரிமை என்று சட்டம் சொன்னாலும் அது கட்டாயமில்லை என 2021-இல் மத்திய அரசு விளக்கிவிட்டது.

உசிலம்பட்டி அருகே கண்மாய் தூர்வார எங்கள் அறக்கட்டளை தனியார் வங்கியிடம் நிதி கேட்டது. சி.எஸ்.ஆர்.-1 பதிவு இல்லை என்று திருப்பிவிட்டார்கள்.

சி.எஸ்.ஆர். நிதி வாங்கும் அமைப்புகள் செய்யவேண்டிய பதிவு அது. 2021 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் நடக்காது. வருமான வரிச் சட்டத்தின் 12ஏ (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவு இரண்டும் வேண்டும். இதே மாதிரிப் பணியில் மூன்று ஆண்டு அனுபவத்துக்கு ஆவணம் வேண்டும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில், ஆடிட்டர் சான்றோடும் டிஜிட்டல் கையொப்பத்தோடும் விண்ணப்பியுங்கள்.

அடுத்தது கண்மாய் யாருடையது என்பது. ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை. குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். எழுத்துமூல அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள். வேலை சிக்குவது இங்கேதான்: அனுமதி இழுத்து ஐப்பசி மழை வந்துவிட்டால் கண்மாயில் இறங்க முடியாது, நிதியாண்டோ மார்ச் 31-இல் முடிந்துவிடும். ஓராண்டுத் திட்டமாக இருந்தால் மீதிப் பணம் ஆறு மாதத்துக்குள் பிரதமர் நிவாரண நிதி போன்ற ஒன்றுக்குப் போய்விடும். ‘தொடர் திட்டம்’ என்று இயக்குநர் குழு ஒப்புதல் தந்திருந்தால், 30 நாளில் தனிக் கணக்குக்கு மாற்றி அடுத்த மூன்று நிதியாண்டுகளில் செலவழிக்கலாம். ஆகவே விண்ணப்பத்திலேயே தொடர் திட்டமாகக் கேளுங்கள். ஊரார் கண்மாய் பாதியில் நிற்கக் கூடாது.

மகளிர் குழுக் கடன் சி.எஸ்.ஆர். கணக்கில் வருமா?

வராது. அது முன்னுரிமைத் துறைக் கடன், வங்கியின் வழக்கமான தொழில்.

சித்திரைத் திருவிழாவில் வங்கி வைக்கும் நீர்மோர்ப் பந்தல்?

நகைக்கடன் விளம்பரத்தோடு வைத்தால் அது விளம்பரச் செலவு. அதைவிட, அழகர் வரும் வழியில் நிலையான குடிநீர்த் தொட்டி கட்டச் சொல்லிக் கேளுங்கள். சி.எஸ்.ஆர். பணிகளைப் பட்டியலிடும் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே பாதுகாப்பான குடிநீர் இருக்கிறது.