பின்சீட்டில் உட்காரப்போகிறவரைக் கேட்டீர்களா?

கேள்வி: எனக்கு வயது 46. கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறேன், இங்கேயே அரசு அலுவலகத்தில் வேலை. மாதம் இரண்டு முறை மனைவியோடு ஈ.சி.ஆர். வழியாகச் சென்னைக்குப் பைக்கில் போய்வர ஆசை. ஸ்போர்ட் டூரிங் வகை வசதியாக இருக்கும் என்கிறார்கள். மனைவிக்குக் கொஞ்சம் இடுப்பு வலி உண்டு. புதுச்சேரியில் ஒரு புரோக்கர் 2023-ல் வாங்கிய 650 சிசி பைக்கைக் காட்டுகிறார். பி.ஒய். நம்பர், அதாவது புதுச்சேரி பதிவு. "பேர் மாத்தாமலே ஓட்டலாம் சார், யாரும் கேக்க மாட்டாங்க" என்கிறார். வாங்கலாமா? டாப் பாக்ஸும் மாட்ட வேண்டும்.

பதில்: அந்த வண்டி வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன், ஏனென்றால் புரோக்கர் பற்றி ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. முதலில் பைக்.

ஸ்போர்ட் டூரிங் என்பதில் பெரிய மர்மம் இல்லை. ஸ்போர்ட்ஸ் பைக்கின் என்ஜினும் பிரேக்கும் இருக்கும். நெடுந்தூரம் உட்காரத் தோதாக ஹேண்டில்பார் கொஞ்சம் உயரமாகவும், காற்றைத் தடுக்க முன்னால் ஒரு கண்ணாடியும் இருக்கும். அவ்வளவுதான். ஆனால் ஷோரூமில் இந்தப் பெயரைச் சொல்லிக் காட்டுகிற வண்டிகளில் பல, முன்னால் உட்காருபவருக்கு மட்டும் டூரிங். பின்னால் உட்காருபவருக்கு ஒரு சாண் அகலத்தில், முன்சீட்டைவிட அரை அடி உயரத்தில், ஒரு ரெக்ஸின் துண்டு.

நானே இந்தத் தப்பைச் செய்தவன்தான். இருபது வருடமாகப் பட்டறை நடத்துகிறேன், ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறேன், என் வீட்டுக்கு வாங்கும்போது மட்டும் என்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்கிவிட்டேன். முதல் பயணம் புதுச்சேரியிலிருந்து. மரக்காணம் உப்பளம் வந்ததும் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். நாற்பது கிலோமீட்டர்கூட ஆகவில்லை. மனைவி இறங்கவில்லை. என் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கப் பார்க்கிறார், கால் வரவில்லை. "எனக்குக் கால் இருக்கான்னு கொஞ்சம் பாருங்க" என்றார். டீக்கடை அம்மா வந்து அணைத்துப் பிடித்து இறக்கினார். திரும்பும்போது அவர் பஸ்ஸில் வந்தார். நான் பஸ்ஸுக்குப் பின்னால் பைக்கில் வந்தேன்.

கால் மரத்துப்போனதற்குக் காரணம் சீட் பஞ்சு இல்லை. பின் ஃபுட்ரெஸ்ட் மிக உயரத்தில் இருந்தது. முழங்கால் மடங்கி, உடம்பின் பாரம் முழுவதும் வால் எலும்பில் இறங்கிவிட்டது. இடுப்பு வலி உள்ளவருக்கு இதைவிட மோசமான இருக்கை கிடையாது. ஆகவே ஷோரூமுக்குத் தனியாகப் போகாதீர்கள். மனைவியைக் கூட்டிப்போய்ப் பின்னால் உட்காரவைத்து, பத்து நிமிஷம் அப்படியே இருக்கச் சொல்லுங்கள். ஸ்டாண்டில் நிற்கிற வண்டியானாலும் பரவாயில்லை. முழங்கால் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறதா, குத்துக்காலிட்ட மாதிரி இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கை வைக்க இரண்டு பக்கமும் கம்பி வேண்டும். பிரேக் பிடித்தால் அவர் உங்கள் முதுகில் சரியக் கூடாது. சேல்ஸ்மேன் பேசிக்கொண்டே இருப்பார், பேசட்டும்.

சாரி கார்டு விஷயம் ஒன்று. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும், ஃபுட்ரெஸ்ட்டும், துணி சக்கரத்தில் சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதைத்தான் நம் பிள்ளைகள் முதலில் கழற்றி எறிகிறார்கள். நீங்கள் கழற்றாதீர்கள். ஒருபக்கமாக உட்கார்ந்து இந்த வகை வண்டியில் நெடுந்தூரம் போகவே கூடாது. சுடிதாரும், இரண்டு பேருக்கும் ஹெல்மெட்டும் கட்டாயம்.

இனி என்ஜின். நாலுவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்ச வேகம் 80 கிலோமீட்டர், ஊருக்குள் 60. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குள் நுழைந்து ஈ.சி.ஆரைப் பிடிப்பதற்குள் எத்தனை வேகத்தடை, எத்தனை மாடு என்று உங்களுக்கே தெரியும். இதற்கு 650 சிசி எதற்கு? கவாசகி வெர்சிஸ் 650 போன்ற வண்டி இரண்டு பேருக்கு அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் எடை சுமார் 219 கிலோ, சீட் உயரம் 845 மில்லிமீட்டர். மனைவி ஏறும்போது அத்தனை எடையையும் நுனிக்காலில் நின்று பிடிக்க வேண்டும். மே மாதப் பகலில் புதுச்சேரி இந்திரா காந்தி சிலை சிக்னலில் நின்றால் என்ஜின் ஃபேன் தொடையில் வெந்நீர் ஊற்றுகிற மாதிரி ஊதும்.

உங்கள் தேவைக்கு ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 போதும். சீட் உயரம் 765 மில்லிமீட்டர், 20 குதிரைத்திறன், 80-ல் அலுக்காமல் ஓடும். "அது ஸ்போர்ட் டூரிங் இல்லையே, குரூசர் ஆச்சே" என்பீர்கள். சரி, உங்கள் மனைவியின் இடுப்புக்கு அந்தப் பெயர் தெரியாது. கொஞ்சம் வேகமும் வேண்டும் என்றால் பஜாஜ் டோமினார் 400 பாருங்கள்: 373 சிசி, 40 குதிரைத்திறன், 193 கிலோ, சீட் உயரம் 800. முதுகு சாயக் கேரியரோடும் வந்திருக்கிறது. சுஸுகி வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ். 167 கிலோதான், நிமிர்ந்து உட்காரலாம், ஆனால் 835 மில்லிமீட்டர் உயரம், மனைவி ஏறி இறங்கச் சிரமப்படுவாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 40. சிசி ஆசைக்கு விலை வேறு இருக்கிறது.

இப்போது உங்கள் புரோக்கர்.

அவர் சொல்வது அரை உண்மைகூட இல்லை. வண்டியை நீங்கள் குடியிருக்கும் மாநிலத்திலோ, தொழில் நடத்தி வழக்கமாக வண்டியை நிறுத்தும் மாநிலத்திலோதான் பதிவு செய்ய வேண்டும். வேறு மாநில நம்பர் வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இந்த ஊர் நம்பர் வாங்கியாக வேண்டும். வண்டி வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற மனு கொடுக்க வேண்டும். புரோக்கர் தரப்போவது பழைய உரிமையாளர் கையெழுத்து மட்டும் போட்ட, தேதி எழுதாத பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30. அதைப் பீரோவில் வைத்துக்கொண்டு ஓட்டச் சொல்வார். வண்டி களவு போனாலோ, மோதிச் சேதமானாலோ இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது ஆர்.சி. யார் பெயரில் என்றுதான். பாலிசியையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்குப் புரோக்கரின் போன் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். ஒருவருக்கு வீடு கடலூரில், கடை புதுச்சேரியில் என்று வைத்துக்கொள்வோம். வண்டி வழக்கமாகக் கடை வாசலில் நிற்கிறது. இவர் பி.ஒய். பதிவில் வைத்திருப்பது முறையானதுதான். கடையின் உரிமம், ஜி.எஸ்.டி. பதிவு, மின்கட்டண ரசீது, ஏதோ ஒன்று உண்மையில் இவர் பெயரில் இருக்கும். அதேபோல் வாரம் முழுவதும் புதுச்சேரியில் வாடகைக்குக் குடியிருந்து, ஞாயிறு மட்டும் கடலூர் வருகிறவர். அவருக்கும் சரி. ஆனால் தினமும் காலையில் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் மாலையில் திரும்பி, வண்டியைக் கடலூரில் நிறுத்துகிறவருக்கு இது பொருந்தாது. கடலூரிலேயே வேலை பார்க்கும் உங்களுக்குச் சுத்தமாகப் பொருந்தாது. புரோக்கர் "ஒரு வாடகை ஒப்பந்தம் ரெடி பண்ணித் தர்றேன்" என்பார். நீங்கள் ஒருநாளும் தங்காத வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் என்றால் அது பொய் ஆவணம், கையெழுத்து உங்களுடையது. அரசு வேலையில் இருப்பவருக்கு இது வேண்டாத வினை.

மக்கள் ஏன் இப்படிப் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள புது பைக்குக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 12 சதவீதம். பாலத்தைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் குறைவு. முறைப்படி மாற்றலாம் என்று போனால் அங்கே தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.), இங்கே மறுபடி வரி, அங்கே கட்டியதைத் திரும்பக் கேட்டுத் தனி மனு. எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள், ஆனாலும் ஆபீஸ் வாசலில் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிய ஆட்கள் குறையவில்லை. இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லாத ரெண்டு ஊருக்கு நடுவில் ஒரு பைக் குடிமாறுவது இவ்வளவு பாடு என்றால், புரோக்கர் பிழைக்காமல் என்ன செய்வார்?

அந்த வண்டியில் எனக்கு இன்னொரு சந்தேகம். 2023-ல் வாங்கிய வண்டி என்றால் 2024 நவம்பர் 30 ராத்திரி எங்கே நின்றது என்று கேளுங்கள். ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை கொட்டியது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை நம் பக்கம் புகுந்தது. அப்போது மூழ்கிய வண்டிகளைக் கழுவி, பாலிஷ் போட்டு விற்றார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? சீட்டைக் கழற்றி அடியில் ஒயர் இணைப்புகளைப் பிரித்துப் பாருங்கள், பச்சை பூத்திருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில் வண்டல் கோடு போட்டிருக்கும். வெளியே எத்தனை பாலிஷ் போட்டாலும் அந்த மூலைக்கு யாரும் துணி விடுவதில்லை. பழைய இன்சூரன்ஸ் பாலிசியையும் கேட்டு வாங்குங்கள். நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காதவருக்குத் தரும் கழிவு, பூஜ்யம் என்றால், ஏன் என்று விற்பவர் சொல்லட்டும்.

புது வண்டி வாங்கினாலும் பில்லில் "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று ஒரு வரி வந்தால், எதற்கு என்று கேளுங்கள், கட்ட வேண்டியதில்லை. இன்சூரன்ஸும் ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

டெலிவரி எடுக்கும்போது, இரண்டு பேர் போகப்போகிறோம் என்று சொல்லிப் பின் ஷாக் அப்சார்பரை இரண்டு படி இறுக்கிவைக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள். தனியாகப் போகும்போது தளர்த்திக்கொள்ளலாம், சின்ன ஸ்பானர் வண்டியோடு வரும். பின் டயரில் காற்று இரண்டு பேருக்கு எவ்வளவு என்று செயின் பக்கம் ஸ்டிக்கரில் இருக்கிறது, பங்க் பையன் கை அளவை நம்ப வேண்டாம். பாதி இடுப்பு வலி இந்த இரண்டிலேயே அடங்கும்.

டாப் பாக்ஸ் கேட்டிருந்தீர்கள். மாட்டலாம். ஆனால் அதைச் சாய்மானமாக நினைத்து மனைவி மொத்தமாகச் சாய்ந்தால், கேரியரின் போல்ட்டுகள் மெல்லத் தளரும். மரக்காணத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது ஒரு தடவை கையால் ஆட்டிப் பாருங்கள்.