எஸ்போவில் சவுனா: மரத்துக்கு முன் உயரத்தைப் பாருங்கள்

வாழ்த்துகள் தம்பி. பின்லாந்தின் எஸ்போ நகரில் வாங்கிய வீட்டின் பின்பக்கம் சவுனா, அதாவது சூட்டுக் குளியல் அறை, போட வேண்டும், பீப்பாய் மாதிரி ரெடிமேடாக விற்பதை இறக்கிவிடலாமா, தச்சரை வைத்துக் கட்டலாமா, எந்த மரம் நல்லது என்று கேட்டிருந்தீர்கள்.

மரம் கிடக்கட்டும், முதலில் உயரத்தைப் பாருங்கள். சூடு மேலேதான் நிற்கும். கால் வைக்கும் பலகை, அடுப்பின் மேல் அடுக்கிய கல்லின் மட்டத்தைத் தாண்டி இருக்க வேண்டும். உட்காரும் மேல்பலகைக்கும் கூரைக்கும் நடுவில் 110 முதல் 120 சென்டிமீட்டர் வேண்டும். இல்லையென்றால் தலை வேகும், கால் சில்லென்று கிடக்கும். பீப்பாய்க்குள் இந்த உயரம் கிடைப்பது கஷ்டம். படத்தில் அழகாக இருக்கும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் கட்டுவதுதான் சரி.

அடுத்தது அடுப்பு. விறகு அடுப்பின் லோய்லு, அதாவது கல்லில் தண்ணீர் ஊற்றியதும் எழும் ஆவி, மென்மையானது என்று இங்குள்ளவர்கள் அடித்துச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் புகைபோக்கி வைக்க வேண்டும், அதைச் சுத்தம் செய்ய ஆள் வர வேண்டும், பிர்ச் விறகை நனையாமல் அடுக்கி வைக்க வேண்டும். வீடுகள் நெருக்கமாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் புகைக்கு முகம் சுளிப்பார். வேலைக்குப் போய்வரும் குடும்பத்துக்கு மின் அடுப்பு போதும். அறையின் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1 கிலோவாட் என்று கணக்குப் போடுங்கள். பெரிய கண்ணாடிச் சுவர் வைத்தால் இன்னும் கூட்ட வேண்டும். இணைப்பை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன்தான் கொடுக்க வேண்டும். கைவேலை தெரிந்த நண்பர் வேண்டாம்.

சரி, மரம். நமக்கு உடனே தேக்கு ஞாபகம் வரும். அடர்த்தியான மரம் சூடேறினால் வெறும் உடம்பில் சுடும். உட்காரும் பலகைக்கு ஆஸ்பென் அல்லது ஆல்டர் மரம் போடுங்கள். இரண்டும் லேசானவை, பிசின் வடியாது. பைனில் அந்தப் பிசின் தொல்லை உண்டு. சுவருக்கு ஸ்ப்ரூஸ் தாராளம். சுவர்ப் பலகைக்குப் பின்னால் அலுமினியத் தாள் ஒட்டி, இணைப்புகளை டேப்பால் மூடி, நடுவில் காற்றுக்கு இடைவெளி விடாவிட்டால் எந்த மரமும் உளுத்துப்போகும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் கூடாது.

2025 ஜனவரியில் வந்த புதிய கட்டுமானச் சட்டப்படி 30 சதுர மீட்டருக்குக் குறைவான, இது மாதிரி தனிச் சிறு கட்டடத்துக்குப் பொதுவாக அனுமதி தேவையில்லை. ஆனாலும் அந்தப் பகுதியின் திட்ட விதிகளும் எல்லையிலிருந்து விட வேண்டிய தூரமும் அப்படியே பொருந்தும். நகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம், வீட்டுக்குள்ளேயே ஏற்கெனவே ஒரு சவுனா இருக்குமே, பார்த்தீர்களா? நம்மவர்கள் சிலர் அதில்தான் அரிசி மூட்டையும் சூட்கேஸும் அடுக்குகிறார்கள். யாராவது தெரியாமல் சுவிட்சைத் திருப்பினால் அடுப்பு சூடேறி எல்லாம் பற்றிக்கொள்ளும். இங்கே அப்படி நடந்திருக்கிறது. சாமான் வைத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த அடுப்பின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.